ஊரடங்கை மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அந்த ஆய்வுகளைப் படிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2020 மே 30 முதல் ஜூலை 16 வரை, கொரோனாவுக்கு நடுவிலேயே, இந்தியக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 'காவோன் கனெக்ஷன்' என்ற ஊரக ஊடகம், சிஎஸ்டிஎஸ் ஆய்வு மையத்தின் லோக்நிதி பிரிவோடு சேர்ந்து, 20 மாநிலங்களிலும் 3 யூனியன் பிரதேசங்களிலும் 25,000-க்கும் மேற்பட்டவர்களை நேரில் சந்தித்துக் கேள்வி கேட்டது. பெருந்தொற்றை மத்திய அரசு கையாண்ட விதம் திருப்தி தருகிறது என்று 74 சதவீதம் பேர் சொன்னார்கள்.

அதே ஆய்வில் வேறு சில எண்களும் இருந்தன. ஊரடங்கைச் சமாளிக்க 23 சதவீதம் பேர் கடன் வாங்கியிருந்தார்கள். 8 சதவீதம் பேர் வீட்டிலிருந்த மதிப்புள்ள பொருளை விற்றிருந்தார்கள். 7 சதவீதம் பேர் நகையை அடகு வைத்திருந்தார்கள். நிலத்தை விற்றவர்களும் அடகு வைத்தவர்களும் 5 சதவீதம்.

74-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் "மக்கள் ஊரடங்கை ஏற்றுக்கொண்டார்கள்" என்று ஒரு தலைப்பு கிடைக்கும். மற்ற நான்கை எடுத்தால் "ஊரடங்கு மக்களை நொறுக்கியது" என்று இன்னொரு தலைப்பு கிடைக்கும். இரண்டும் ஒரே கேள்வித்தாளில் ஒரே மனிதர்கள் சொன்ன பதில்கள். இதில் எது உண்மை என்ற கேள்விக்குப் பதில் காண, இப்படிப்பட்ட ஆய்வுகள் எதை அளக்கின்றன, எதை அளக்க முடியாமல் விடுகின்றன என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

## கட்டுப்பாடு என்பது ஒன்று அல்ல

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'லாக்டவுன்' என்று சொல்லிவிடுகிறோம். ஆய்வுக்கு அது போதாது. நாடு முழுவதுக்குமான ஊரடங்கு ஒன்று. நோய் கண்ட தெருவை மட்டும் அடைப்பது இன்னொன்று. நோயாளியையும் அவரோடு பழகியவர்களையும் தனிமைப்படுத்துவது மூன்றாவது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ், கடைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, பள்ளி மூடல், இறுதிச் சடங்குக்கு ஆள் எண்ணிக்கை என்று இன்னும் பல உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களை வேறு வேறு விதத்தில் பாதிக்கும். பள்ளி மூடல் முதியவர் இருவர் மட்டும் வாழும் வீட்டைத் தொடாது. இ-பாஸ் கட்டுப்பாடோ, பக்கத்து மாவட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு உயிர்ப் பிரச்சினை.

சட்டப் பின்னணியும் முக்கியம். 2020-இல் இந்தியா பயன்படுத்திய சட்டங்களில் ஒன்று 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம். பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியபோது அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டே புனேயில் சிப்பாய்களை விட்டு வீடுவீடாகச் சோதனை நடத்தினார்கள். மக்களின் கோபம் முற்றி, பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டு, ஜூலைத் தொடக்கத்தில் இறந்தார். நோயைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் இந்தச் சட்டத்தில், அடைபட்டவருக்கு அரசு என்ன தர வேண்டும் என்று எதுவும் இல்லை. இன்னொன்று 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவில் தொடங்கிய 21 நாள் ஊரடங்கு இதன்கீழ் வந்தது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம்.

ஒரு கட்டுப்பாட்டை மூன்று தளங்களில் பார்க்க வேண்டும்:

1. ஆணை: அரசு எழுதியது.
2. தெரு: காவலரும் மாநகராட்சி ஊழியரும் ஊர்ப் பெரியவர்களும் அதை நடத்தியது.
3. வீடு: ஒரு குடும்பம் அதை வாழ்ந்தது.

முதல் தளத்தை அளக்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு குறியீடு வைத்திருந்தது. நாடுகளின் விதிகள் எவ்வளவு கடுமையானவை என்று 0 முதல் 100 வரை மதிப்பெண். முதல் ஊரடங்கின்போது இந்தியாவுக்கு 100 கிடைத்தது. அது காகிதத்தில் உள்ள விதிக்கான மதிப்பெண். ஒரே விதி அண்ணாநகர் அடுக்குமாடி வீட்டிலும், பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் முறை வைத்துத் தூங்கும் திருப்பூர் பனியன் தொழிலாளர் குடியிருப்பிலும் என்ன செய்தது என்பது அதில் தெரியாது. தெரிய வைப்பது அதன் நோக்கமும் இல்லை.

இரண்டாவது தளம் பலமுறை ஆணையைவிடக் கடுமையாக இருந்தது. சென்னையில் நோய் கண்ட வீடுகளின் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள், கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதிகாரமுள்ளவரின் குறிப்பான ஆணை இல்லாமல் வீட்டு வாசலில் இப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதற்குள் பல மாதங்கள் போய்விட்டன. சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று, அனுமதித்த நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக் காவல்துறை பிடித்துப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் இறந்தார்கள். சிபிஐ விசாரித்து, காவல்துறையினர் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கடை மூடும் நேரம் என்ற ஒரு சின்ன விதி தெருவில் என்ன வடிவம் எடுக்கக்கூடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. தெருத் தளத்தை விட்டுவிட்டுக் கட்டுப்பாடுகளை ஆராய்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

## மாட்டேன் என்றவரும் முடியாமல் போனவரும்

இந்தத் துறையில் அதிகம் புழங்கும் சொல் 'இணக்கம்'. விதியை எத்தனை பேர் பின்பற்றினார்கள் என்ற கணக்கு அது. கணக்கு எளிது, செய்தியாகவும் நன்றாக வரும். சிக்கல் என்னவென்றால், விதியை மீறிய இருவரை அது ஒரே பெட்டியில் போட்டுவிடும்: பின்பற்ற விரும்பாதவர் ஒருவர், பின்பற்ற முடியாமல் போனவர் இன்னொருவர். வெளியே இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருவருக்கும் அரசு செய்ய வேண்டியவையோ முற்றிலும் வேறு. இந்தப் பிரிவினையைச் செய்யாத எந்த ஆய்வும், எவ்வளவு பெரிய மாதிரியை (கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த ஆட்களை) வைத்து நடத்தினாலும், மக்களைப் பற்றித் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

இங்கிலாந்திலிருந்து ஒரு உதாரணம். அங்கே அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும் என்பது விதி. 2021-இல் வெளியான ஒரு பெரிய தொடர் ஆய்வின்படி, முழுமையாகத் தனித்திருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 42 சதவீதம் மட்டுமே. பொறுப்பற்ற மக்கள் என்று இதைப் படிக்கலாம். அதே ஆய்வு யாரிடம் இணக்கம் குறைந்தது என்றும் பார்த்தது. ஆண்கள், இளையவர்கள், தங்களைச் சார்ந்து வாழும் பிள்ளைகள் உள்ளவர்கள், பணக்கஷ்டத்தில் இருப்பவர்கள், அத்தியாவசியப் பணியில் இருப்பவர்கள். பட்டியலில் பாதிக்கு மேல் வாழ்க்கை நிலைமைகள். வசதியான நாட்டிலேயே இப்படி.

இந்தியாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஊரடங்கு தொடங்கிய மூன்றாம் நாள், தன்னார்வலர்கள் சேர்ந்து 'ஸ்வான்' என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். வெளிமாநிலங்களில் சிக்கிக்கொண்ட தொழிலாளர்களின் அழைப்புகளை எடுத்து, உணவுக்கும் பணத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். அந்த உரையாடல்களைப் பதிவும் செய்தார்கள். 2020 ஏப்ரல் நடுவில் வந்த அவர்களது முதல் அறிக்கை 11,159 தொழிலாளர்களைப் பற்றியது. அவர்களில் 96 சதவீதம் பேருக்கு அரசு ரேஷன் கிடைக்கவில்லை, 89 சதவீதம் பேருக்கு ஊரடங்கு நாட்களுக்கு முதலாளி கூலி தரவில்லை, 78 சதவீதம் பேர் கையில் 300 ரூபாய்கூட இல்லை. நெடுஞ்சாலையில் நடந்தவர்களைப் பார்த்து "ஏன் இருந்த இடத்தில் இருக்கக் கூடாது?" என்று கேட்டவர்களுக்கு இந்த மூன்று எண்களே பதில்.

சரி, முடியாமையை எப்படி அளப்பது? நல்ல ஆய்வுகள் விதியை மீறினீர்களா என்று கேட்பதோடு நிற்பதில்லை. அதைப் பின்பற்ற எவையெல்லாம் தேவைப்பட்டிருக்கும் என்று பிரித்துக் கேட்கின்றன:

1. பணம்: வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் சமாளிக்க முடியும்? கடன் யாரிடம் கிடைக்கும்?
2. இடம்: தனி அறை உண்டா? கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் வீட்டுக்குள்ளா, பொதுவா?
3. தகவல்: விதி எப்போது, யார் மூலம் தெரிந்தது? புரிகிற மொழியில் வந்ததா?
4. நம்பிக்கை: சோதனைக்குப் போனால் என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்?
5. கடமை: விட்டுவிட முடியாதபடி யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது?

ஐந்தாவதைப் பெரும்பாலான கேள்வித்தாள்கள் மறந்துவிடுகின்றன. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குச் சோறு கொண்டுபோகும் மருமகளையும், சாவு வீட்டுக்குத் தடையை மீறிப் போன அண்ணனையும் 'மீறியவர்கள்' என்று எண்ணிவிட்டால், ஒரு சமூகத்தை இணைத்து வைத்திருப்பது எதுவோ அதையே குற்றக் கணக்கில் எழுதியதாகிவிடும்.

## எந்தக் கருவி எதைக் காட்டும்

நடமாட்டத்துக்கே தடை இருக்கும்போது மக்களைப் பற்றி ஆராய்வது எப்படி? இதை வாசகர்கள் யோசிப்பதே இல்லை. ஊரடங்கு ஆய்வாளர்களையும் அடைத்தது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுக்குத் தமிழ்நாட்டில் 2020 ஜனவரியில் தொடங்கிய களப்பணி மார்ச் 21-இல் நின்றது. மறுபடி டிசம்பர் இறுதியில் தொடங்கி 2021 மார்ச் வரை நடந்தது. அந்த அறிக்கையில் தமிழ்நாட்டுக்கான ஒரே எண்ணுக்குள் கொரோனாவுக்கு முந்தைய வீடுகளும் பிந்தைய வீடுகளும் கலந்திருக்கின்றன.

தடை இருந்த நாட்களில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தவை மூன்று.

செல்போன் இருப்பிடத் தரவு. கூகுள் 2020 ஏப்ரல் முதல் நடமாட்ட அறிக்கைகளை வெளியிட்டது. கடைகள், மளிகை மற்றும் மருந்தகம், பூங்கா, போக்குவரத்து நிலையம், பணியிடம், வீடு என்று ஆறு வகை இடங்கள். 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையிலான ஐந்து வாரங்களோடு ஒப்பிட்டு எவ்வளவு குறைந்தது, கூடியது என்று சொன்னது. (அந்த ஐந்து வாரங்களுக்குள் பொங்கல் வருகிறது. ஆனாலும் கிழமைவாரியாக இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுத்ததால் ஒரு வார விடுமுறை கணக்கைப் பெரிதாகக் குலைக்காது.) இடத்தைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி வைத்திருந்த ஸ்மார்ட்போன்காரர்கள் மட்டுமே இதில் வருவார்கள். தவிர, சாலையோரமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர்களுக்கு அந்த ஆறு வகைகளில் எதிலும் இடம் இல்லை.

தொலைபேசி ஆய்வு. 2020-இன் பெரும்பாலான எண்கள் இப்படி வந்தவை. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஏப்ரல், மே மாதங்களில் 12 மாநிலங்களில் சுமார் 5,000 பேரைத் தொலைபேசியில் கேட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் வேலையை இழந்திருந்தார்கள், 77 சதவீதக் குடும்பங்கள் முன்பைவிடக் குறைவாகச் சாப்பிட்டன. வேகமாகக் கிடைத்தது, தேவையான நேரத்தில் கிடைத்தது. குறை எங்கே என்றால், போன் யார் கையில் இருக்கிறது என்பதில். முன்பு சொன்ன குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம்தான். மற்ற வீடுகளில் போனை எடுப்பது கணவரோ மகனோ. ஸ்பீக்கரில் போட்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது "வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா?" என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது? கேட்டாலும் வரும் பதிலுக்கு என்ன பொருள்? கேட்பதே அவருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே பொறுப்பான ஆய்வாளர்கள் அந்தக் கேள்வியைத் தொலைபேசியில் தவிர்த்தார்கள், அல்லது ஆம் / இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்படி கேள்விகளை மாற்றினார்கள்.

தேசிய மகளிர் ஆணையத்தின் எண்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பின. 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை 239 குடும்ப வன்முறைப் புகார்கள் வந்தன. அதற்கு முந்தைய 25 நாட்களில் 123. ஏறக்குறைய இரட்டிப்பு. அதுவும், புகாரை எழுதி அனுப்பவும் போனை எடுத்துத் தனியே பேசவும் வழி இருந்தவர்களின் கணக்கு மட்டும்தான்.

ஆழ்ந்த உரையாடல். ஐம்பது பேரிடம் மணிக்கணக்கில் பேசுவது, ஒரு குடியிருப்பில் தொடர்ந்து தொடர்பில் இருப்பது, நாட்குறிப்பு எழுதச் சொல்வது. எண் கிடைக்காது, காரணம் கிடைக்கும். சோதனை முகாமுக்கு ஏன் போகவில்லை என்று கேள்வித்தாள் கேட்டால் 'பயம்' என்ற கட்டத்தில் ஒரு டிக். உட்கார்ந்து பேசினால் அந்தப் பயம் நோயைப் பற்றியதா, வாசலில் அடிக்கப்படும் தகரத்தைப் பற்றியதா, வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்பதா என்று விரியும்.

இப்போது 74 சதவீதப் புதிருக்கு வரலாம். ஒருவர் தன் நகை அடகுக் கடைக்குப் போன பிறகும் அரசின் மீது திருப்தி என்று சொல்ல முடியும், இரண்டுக்கும் நடுவே முரண்பாடு கட்டாயமில்லை. முதல் காரணம், கேள்விகள் வேறு. ஒன்று அரசைப் பற்றிய மதிப்பீடு, மற்றது குடும்பத்தில் நடந்தது. இரண்டாவது, அந்த மாதங்களில் கிராமங்களில் நோய் பெரிதாகப் பரவவில்லை, டிவியில் இத்தாலியும் நியூயார்க்கும் ஓடிக்கொண்டிருந்தன. தப்பித்தோம் என்ற எண்ணம் இயல்பு. மூன்றாவது, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நின்று அரசைப் பற்றிக் கேட்கும்போது எத்தனை பேர் மனதில் உள்ளதை அப்படியே சொல்வார்கள்? எல்லோருக்கும் பொதுவான கஷ்டம், நாட்டுக்காகப் பொறுத்துக்கொள்கிறோம் என்ற உண்மையான உணர்வும் பலரிடம் இருந்தது. திருப்தி எண்ணை ஊரடங்கின் வெற்றிக்குச் சான்றாகவும், அடகு எண்ணை மக்களின் கோபத்துக்குச் சான்றாகவும் காட்டுவது இரண்டுமே பிழை. கேள்வி எதைக் கேட்டதோ அதற்கு மட்டுமே பதில் சான்று.

## யார் கணக்கில் வரவில்லை

ஸ்வானின் 96 சதவீதத்தை மறுபடி பார்க்கலாம். இந்தியத் தொழிலாளர்களில் 96 சதவீதம் பேருக்கு ரேஷன் கிடைக்கவில்லை என்று அதை எழுதினால் அது தவறு. உதவி கேட்டு அழைத்தவர்களிடமிருந்து வந்த எண் அது. ரேஷன் கிடைத்தவர் எதற்கு அழைக்கப் போகிறார்? அதே சமயம், மாதிரி சரியில்லை என்று சொல்லி அறிக்கையைத் தூக்கிப்போடுவதும் தவறு. உதவி எட்டாத ஆயிரக்கணக்கானவர்கள் இன்ன இடத்தில் இன்ன நிலையில் இருந்தார்கள் என்பதற்கு அது நேரடி ஆதாரம். எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது, என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். அசிம் பிரேம்ஜி ஆய்வும் தொண்டு நிறுவனங்களின் தொடர்புகள் வழியே ஆட்களை எட்டியது, ஆகவே அதையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும்.

அரசிடம் முழுக் கணக்கு இருந்திருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்திருக்கும். 2020 செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் தொழிலாளர் அமைச்சகம் தந்த பதிலின்படி, சொந்த மாநிலம் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் ஒரு கோடியே நான்கு லட்சத்துக்கும் மேல். திரும்பும் வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை என்பதே பதில். மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தன்னார்வ ஆய்வாளர்கள் சிலர் செய்தித்தாள்களையும் இணையச் செய்திகளையும் பல மொழிகளில் தேடித் தொகுத்து, நோயால் அல்லாமல் ஊரடங்கால் நேர்ந்தவை என்று 900-க்கும் மேற்பட்ட மரணங்களைப் பட்டியலிட்டார்கள். பசி, சோர்வு, விபத்து, தற்கொலை, போலீஸ் அடி, சிகிச்சை கிடைக்காமை என்று காரணம் பிரித்தார்கள். செய்தியில் வந்த மரணங்கள் மட்டுமே அதில் சேரும். உள்ளூர் நிருபர் இல்லாத ஊரில் இறந்தவர் இந்தப் பட்டியலிலும் இல்லை.

## முன்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால்

ஊரடங்கால் என்ன மாறியது என்று சொல்ல, அதற்கு முன் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். பிறகு நினைவிலிருந்து கேட்டால் பதில் வழுக்கும். தமிழ்நாட்டில் இதற்கு மிக நல்ல உதாரணம் இருக்கிறது.

கிராமப்புறத் தமிழ்நாட்டில் பொருளாதார ஆய்வாளர்கள் 2019-இலேயே குழந்தைகளின் கணக்கு, தமிழ்த் திறனைச் சோதித்து வைத்திருந்தார்கள். பள்ளிகள் ஏறத்தாழ 18 மாதங்கள் மூடிக் கிடந்து திறந்த பின், 2021 டிசம்பரில் தொடங்கி, சுமார் 19,000 குழந்தைகளை மீண்டும் அதே மாதிரிச் சோதித்தார்கள். 2019-இல் அதே வயதில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் கணக்கில் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். திட்ட விலக்கம் என்பது ஒரு வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கான அளவு. 0.7 என்றால், வகுப்பின் நடுவில் இருந்த பிள்ளை முன்பு கால்வாசிப் பேர் மட்டுமே தனக்குக் கீழே இருந்திருக்கக்கூடிய இடத்துக்கு இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வாளர்கள் பெருந்தொற்றை எதிர்பார்த்து 2019-இல் சோதிக்கவில்லை. வேறு வேலைக்காகச் சேர்த்த தரவு பயன்பட்டது. கிராமப்புறக் கல்வி நிலையைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் 'ஆசர்' குழுவும் இப்படித்தான் செய்தது: 2018-இல் வீடுவீடாகப் போனபோது வாங்கி வைத்திருந்த தொலைபேசி எண்களை வைத்து 2020 செப்டம்பரில் 52,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை எட்டியது. பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளவர்களின் பங்கு இரண்டு ஆண்டில் 36.5 சதவீதத்திலிருந்து 61.8 ஆக உயர்ந்திருந்தது. நல்ல காலத்தில் பொறுமையாகச் சேர்த்த தரவுக்குக் கெட்ட காலத்தில்தான் மதிப்புத் தெரியும். அதற்கு நிதி ஒதுக்குவதை வீண் செலவு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

## ஒரு சமூகம் எதிர்த்து நிற்கும்போது

எதிர்ப்பை அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. மூன்று நிகழ்வுகள் அப்படி எழுத விடாது.

2014 ஆகஸ்ட் 20 அன்று, எபோலா பரவிய லைபீரியாவில், தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை ராணுவமும் போலீசும் சுற்றி அடைத்தன. சுமார் 75,000 பேர் உள்ளே. முன்னறிவிப்பு இல்லை, உணவு விலை ஏறியது, மோதல் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். அதே தொற்றுக் காலத்தில், இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு அனுப்பும் வழக்கத்தால் நோய் பரவுகிறது என்று சடலங்களைக் குடும்பத்தினர் கண்ணில் காட்டாமல் கொண்டுபோனார்கள். மக்கள் சடலங்களை மறைக்கத் தொடங்கினார்கள். மானுடவியலாளர்களும் மதத் தலைவர்களும் சேர்ந்து பேசிய பின், 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் நெறிமுறையை மாற்றியது. பாதுகாப்போடு மரியாதையும் சேர்ந்தது: குடும்பத்தினர் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், குழி தோண்டுவதில் பங்கெடுக்கலாம். நோய்த் தடுப்பு விதி அப்படியே இருந்தது, அதைச் செய்த விதம் மாறியது.

இலங்கையில் நடந்தது வேறு வகை. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல், கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றது. புதைப்பதும் எரிப்பதும் இரண்டுமே ஏற்கத்தக்கவை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. ஜனாஸா நல்லடக்கம் மார்க்கக் கடமையாக இருக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த விதி பெரும் காயம். பிறந்து இருபது நாளான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்ட பின், கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். சில குடும்பங்கள் எரிப்புக்குப் பணம் கட்டவும் சவப்பெட்டி தரவும் மறுத்தன. 2021 பிப்ரவரி இறுதியில் புதைக்க அனுமதி வந்தது, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. இதை 'இணக்கமின்மை' என்ற தலைப்பில் ஒரு ஆய்வாளர் அட்டவணையில் சேர்த்தால், அறிவியல் ஆதாரம் இல்லாதிருந்தது விதியின் பக்கம்தான் என்பது மறைந்துபோகும்.

மூன்றாவது சென்னை. 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்சைத் தாக்கியது. உடன் வேலை செய்த மருத்துவர் நள்ளிரவில் தன் கையாலேயே மண் அள்ளிப் போட்டு அடக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் தமிழக அரசு, இறுதிச் சடங்கைத் தடுப்போருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கூட்டம் செய்ததற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் ஆய்வாளர் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: புதைத்த உடலிலிருந்து நோய் பரவாது என்று அந்தத் தெருக்காரர்களுக்கு அதுவரை யார் சொல்லியிருந்தார்கள்? வாசலில் தகரமும் ஸ்டிக்கரும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, நோயாளி என்றால் விலக்க வேண்டிய ஆபத்து என்பதைத் தவிர வேறு எந்தச் செய்தி போயிருக்கும்? எதிர்ப்பு எல்லாம் நியாயமானது என்பதில்லை. எதிர்ப்பு எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, அதைத் தேடுவதுதான் ஆய்வாளரின் வேலை.

## ஆய்வு சரியாக இருந்தால் என்ன மாறும்

தமிழ்நாட்டின் இரண்டு ஊரடங்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை, சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் 26-ஆம் தேதி முதல் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். 25-ஆம் தேதி காய்கறிச் சந்தைகளில் கூட்டம் அலைமோதியது. அடுத்த வாரங்களில் கோயம்பேடு சந்தை பெரிய தொற்று மையமாக வெளிப்பட்டு, மே 5-இல் மூடப்பட்டது. அங்கிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று ஊர் திரும்பிய தொழிலாளர்களிடம் நோய் கண்டறியப்பட்டது. அந்த ஒரு நாள் கூட்டமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, அதற்கு முன்பே சந்தையில் நெரிசல் இருந்தது. ஆனால், நான்கு நாள் கடை இல்லை என்று தெரிந்த மறுநாள் காய் வாங்கப் போனவரை 'பொறுப்பில்லாதவர்' என்று செய்திகள் காட்டியது அநியாயம். ஃபிரிட்ஜும் கையில் பணமும் உள்ளவருக்கு மட்டும் ஏற்ற விதி அது.

2021 மே மாதத்தில், மே 10-இல் தொடங்கவிருந்த ஊரடங்கை 8-ஆம் தேதி அறிவித்து, இரண்டு நாள் கடைகளைத் திறந்துவைத்து, ஊர் போகப் பேருந்துகளையும் ஓட்டினார்கள். அரிசி அட்டைக்கு 4,000 ரூபாயில் முதல் தவணையாக 2,000 ரூபாய் அந்த மாத நடுவிலிருந்து தரப்பட்டது. 24-ஆம் தேதி தளர்வில்லா ஊரடங்கு வந்தபோது காய்கறி வண்டிகள் தெருவுக்கு வந்தன. அப்போதும் கடைசி நாளில் கடைவீதிகள் நிரம்பின, பேருந்து நிலையங்களும் நிரம்பின. குறையில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் முன்னறிவிப்பு, பணம், வாசலுக்கு வரும் பொருள் என்ற மூன்றும் 'முடியவில்லை' பக்கத்தைச் சரிசெய்பவை. ஒரு சமூகம் ஏன் விதியை மீறுகிறது என்று புரிந்தால் அபராத ரசீதுக்குப் பதில் வண்டியில் தக்காளி அனுப்பத் தோன்றும்.

## இன்னும் திறக்கப்படாத பதிவுகள்

2020-இன் கதை முடிந்துவிட்டது என்று ஆய்வுலகம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அது அவசரம். ஆய்வுக்குத் தகுந்த ஒரு பெரிய பதிவு என்று நான் நினைப்பது தமிழ்நாட்டின் இ-பாஸ் விண்ணப்பங்கள். மாவட்டம் தாண்டத் திருமணம், மரணம், அவசர மருத்துவம் போன்ற காரணங்களைச் சான்றோடு காட்ட வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் பாஸ் என்று தளர்த்தி, செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் யார், எங்கிருந்து எங்கே, எதற்காகப் போகக் கேட்டார்கள், எத்தனை முறை நிராகரிக்கப்பட்டார்கள், எந்தக் காரணம் ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை என்பதெல்லாம் தேதியோடு பதிவாகும் முறை அது. பெயர், ஆதார், தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கி மாவட்டவாரியாகத் தொகுத்துத் தந்தாலே போதும். மறுக்கப்பட்ட விண்ணப்பங்களில் மரணம் என்று காரணம் எழுதியவை எத்தனை என்பதை முதலில் எண்ண வேண்டும்.